பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் ஒரு மதுரைக் கடை: ஐந்துக்கு நாலு

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணனே சொல்லிவிட்டார். "ஏற்கெனவே ரெண்டு அட்டைப்பெட்டி வேலை கிடக்குது தம்பி, நீ வேற எழுதி ஆளனுப்பாத" என்றார். அதனால் மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பின்னே எதற்கு இந்த விமர்சனம் என்றால், பழைய கேசட்டை எம்பி3 ஆக்கித் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் வேறு ஊர்களிலும் இருக்கின்றன, அவற்றில் எதை நம்பிக் கேசட்டைக் கொடுப்பது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இந்த அண்ணன் வேலை செய்வதைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்த பிறகுதான் என்ன கேட்க வேண்டும் என்றே எனக்குப் புரிந்தது.

நான் கொண்டுபோனது ஒரு மஞ்சப்பை நிறையக் கேசட்டுகள். பாதி, எண்பதுகளில் எங்கள் ஊர்ப்பக்கம் சிவகங்கையில் ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய சினிமாப் பாட்டு. மீதியில் அத்தையின் கல்யாணம், குவைத்திலிருந்து சித்தப்பா பேசி அனுப்பியது, திருவிழா ஒன்று, அப்புறம் லேபிளே இல்லாத சில.

முதலில் வேறு ஒரு கடைக்குத்தான் கொடுத்துப் பார்த்தேன். அங்கே யூஎஸ்பி வயர் உள்ள ஒரு சின்ன பிளேயரை லேப்டாப்பில் செருகி ஓடவிட்டிருக்கிறார்கள். வந்ததைக் கேட்டால் எல்லாப் பாட்டும் மூக்கடைப்போடு இருந்தது, வேகமும் நிலையாக இல்லை, வயலின் நீட்டி வாசிக்கும் இடமெல்லாம் ஆடியது. அது போதாதென்று இரைச்சலை எடுக்கிறேன் என்று ஏதோ ஒரு பட்டனை அமுக்கி, பாட்டுக்கு நடுவே இருந்த பேச்சு, சத்தம் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டு, "சுத்தமா இருக்கு பாருங்க சார்" என்று கொடுத்தார்கள். சுத்தமான பாட்டு எனக்கு எதற்கு? அதுதான் போனிலேயே கிடைக்கிறதே, இதைவிட நூறு மடங்கு நன்றாக.

இந்த இடத்தில்தான் மதுரை அண்ணன் வேறு ஆள். பையைக் கவிழ்த்ததும் அவர் லேபிளைப் படிக்கவில்லை, ஒவ்வொரு கேசட்டின் மேல் விளிம்பைத்தான் பார்த்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், கேசட்டின் முதுகுப்பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் தகடு இருக்கும், அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேற்கொண்டு பதிய முடியாது. கம்பெனியிலிருந்து வரும் படப்பாட்டுக் கேசட்டில் அந்த இடம் ஓட்டையாகத்தான் வரும். அந்த ஓட்டையில் பேப்பரைத் திணித்தோ செல்லோடேப் ஒட்டியோ அடைத்துவிட்டால் மறுபடி பதியலாம். எங்கள் பையில் ஒரு படக் கேசட் அப்படி ஒட்டியிருந்தது. "சினிமாப் பாட்டுதானேண்ணே, அதை விட்டுருங்க, காசு மிச்சம்" என்றேன். "ஒட்டியிருக்குல்ல, அப்ப உள்ள யாரோ இருக்காங்க" என்று தனியாக எடுத்து வைத்தார். இருந்தார்கள். இரண்டாவது பக்கத்தில் இரண்டு பாட்டு ஓடி, மூன்றாவது பல்லவி பாதியில் டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் என் அப்பத்தாவின் குரல். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மெஷின் சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன், இது தெரிந்தால் நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் உதவும். பிலிப்ஸ் கம்பெனி 1963இல் கொண்டுவந்த இந்தக் கேசட்டில் ஓடும் டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை, ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகரும். அந்தக் குறுகிய பட்டையில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நாலு தடம். பதிந்த மெஷினின் ஹெட், அதாவது டேப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் முனை, எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் படிக்கும் ஹெட்டும் இல்லாவிட்டால் மேல்சத்தம், அதாவது தாளம், சலங்கை, 'ஸ' சொல்லும்போது வரும் காற்று, எல்லாம் மங்கிவிடும். பழைய கேசட் மூக்கடைத்துக் கேட்பதற்கு வயது மட்டும் காரணம் இல்லை, பல நேரம் இதுதான். அண்ணன் ஒவ்வொரு கேசட்டுக்கும், சிலதில் ஒவ்வொரு பக்கத்துக்கும், ஹெட் பக்கத்துத் திருகைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை திருப்பி, ஹெட்போனில் கேட்டு, சத்தம் திறக்கும் இடத்தில் நிறுத்துகிறார். இதைச் செய்கிறீர்களா என்று கேளுங்கள். அந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று கடைக்காரர் யோசித்தால் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஓடாத கேசட்டையும் அவர் ஒதுக்கவில்லை. டேப்பைப் பின்னாலிருந்து தாங்கும் பஞ்சு விழுந்திருந்தால் வேறு கேசட்டிலிருந்து எடுத்து வைக்கிறார். திருகு இல்லாமல் ஒட்டியே வந்த மலிவுக் கேசட்டை உடைத்து, டேப்பை மட்டும் எடுத்து ஐந்து திருகு உள்ள கூட்டில் மாற்றுகிறார். அந்தக் காலத்தில் அறுந்ததைச் செல்லோடேப் போட்டு ஒட்டியிருப்போமே, அந்தப் பசை வருடக்கணக்கில் கசிந்து அடுத்த சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் துடைத்து, அதற்கென்றே உள்ள டேப்பால் மறுபடி ஒட்டுகிறார். 90 நிமிடக் கேசட்டைத் தொடும்போது மட்டும் முகம் சுளிக்கிறார், ஏனென்றால் அதில் டேப் மெல்லிசு, இழுத்தால் நீண்டுவிடும்.

சரி, சினிமாப் பாட்டுக் கேசட்டை எதற்குப் பதிய வேண்டும் என்று வீட்டில் என் மனைவியே கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்கு என் பதில் பாட்டில் இல்லை, வரிசையில் இருக்கிறது. ரெக்கார்டிங் சென்டரில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தால், அங்கே பதிபவருக்கு எந்த இசைத்தட்டு முதலில் கைக்கு அகப்படுகிறதோ அந்த வரிசையில்தான் பதிவார். எக்கோ, ஏவிஎம், எச்எம்வி என்று எந்தக் கம்பெனித் தட்டிலிருந்து வந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. கடைசியில் மூன்று நிமிட டேப் மிச்சம் இருந்தால் தன் விருப்பத்துக்கு ஒரு பாட்டைப் போட்டு நிரப்புவார், அது இரண்டாவது சரணத்தில் டேப் தீர்ந்து நிற்கும். எங்கள் வீட்டில் அந்த அறுந்த பாட்டு, அறுந்த பாட்டாகத்தான் எல்லோருக்கும் மனப்பாடம். இன்றைக்கு டீக்கடையில் அதே பாட்டு ஓடினால்கூட அந்தச் சரணம் வந்ததும் என் கை கேசட்டைத் திருப்பிப் போட எழுந்துகொள்ளப் பார்க்கிறது.

இது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. 2009இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், தங்களுக்கு நன்றாகப் பழகிய சிடியைக் கேட்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் வரை இருக்கும் அந்த வெறும் இடைவெளியிலேயே, வரப்போகும் பாட்டுக்காக மூளை வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. நாம் மனப்பாடம் செய்தது ஒவ்வொரு பாட்டாக மட்டும் இல்லை, ஒன்றையடுத்து இன்னொன்று வரும் அந்தக் கோவையையும் சேர்த்துத்தான். போன் ஆப் அந்தக் கோவையை எனக்குத் தராது, தரவும் முடியாது, அது சிவகங்கையில் ஒரு மனிதர் தட்டு தேடிய வரிசை.

அதனால் அண்ணனிடம் நான் வைத்த ஒரே நிபந்தனை, பாட்டுப் பாட்டாக வெட்டக் கூடாது, ஒரு பக்கம் முழுக்க ஒரே ஃபைல். அவர் சிரித்தார். "நான் வெட்டுறதே இல்ல, கேட்டா மட்டும்தான் வெட்டுவேன்" என்றார். நிறையப் பேர் வெட்டித் தரச் சொல்லிவிட்டு, பிறகு இடையில் இருந்தது எங்கே என்று திரும்பி வருகிறார்களாம்.

அப்பத்தா கேசட் இப்போது. பெரியப்பா ஒருமுறை ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன் வாங்கிவந்து, கிழவியைப் பாடச் சொல்லிப் பிடித்திருக்கிறார். வெற்றுக் கேசட் கைவசம் இல்லாததால் படக் கேசட்டையே அடைத்துவிட்டார் போல. தாலாட்டு வருகிறது, முளைப்பாரிக் கும்மி வருகிறது, நடுவே "ஓடுதா அது, சிவப்பு எரியுதா" என்று இரண்டு முறை கேட்கிறார். பெரியப்பா ஒப்பாரி எடுக்கச் சொன்னதும் குரல் மாறிவிடுகிறது. "வீட்டுக்குள்ள வச்சு அந்தப் பாட்டெல்லாம் எடுக்கக் கூடாதுய்யா, மோட்டாருக்கு வாங்க." டக். அடுத்த சத்தம் பம்புசெட் ஓடுவது. அந்த மோட்டார் சத்தத்துக்கு மேலே, தன் அண்ணன் செத்தபோது பாடியதை அப்பத்தா பாடுகிறார். எங்கள் பக்கத்தில் சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி எடுக்கமாட்டார்கள், எடுத்தால் அதை அழைத்ததுபோல ஆகிவிடும் என்பார்கள். அம்மா இன்றைக்கும் அந்த ஃபைலை வீட்டுக்குள் ஸ்பீக்கரில் போட விடுவதில்லை. நான் மாடியில் ஹெட்போனில்தான் கேட்டேன்.

மோட்டார் சத்தத்தை எடுக்க முடியுமா என்று ஆசைக்குக் கேட்டேன். அண்ணன் முடியாது என்று சொல்லவில்லை, எடுத்தே காட்டினார். மோட்டார் போனது. கூடவே அப்பத்தா கிணற்றுக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல ஆகிவிட்டது, மூச்சு இழுக்கும் சத்தம் முழுக்கக் காணோம். ஒப்பாரியில் அந்த மூச்சுதானே பாதி. "மோட்டாரை எடுத்தா அப்பத்தாவும் சேர்ந்து போயிரும் தம்பி, ரெண்டும் ஒரே இடத்துல இருக்கு" என்று சொல்லி, தொடாத ஃபைலையே கொடுத்தார். இப்படி இரண்டையும் போட்டுக் காட்டிவிட்டு நம்மையே முடிவு செய்யச் சொல்லும் கடைக்காரர்தான் வேண்டும். என் அபிப்பிராயத்தில் கேசட் வேலையில் இரைச்சல் நீக்கம் என்பது முக்கால்வாசி வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்த மட்டும் செய்யும் காரியம்.

அத்தை கல்யாணக் கேசட்டில் வேறு மாதிரிக் கூத்து. அந்தக் கால டூ-இன்-ஒன்னில் சத்தம் கூடினால் மெஷினே குறைத்துக்கொள்ளும், சத்தம் குறைந்தால் மெதுவாக ஏற்றிக்கொள்ளும். அதனால் நாதசுரம் இழுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாரோ "காபி குடிச்சீங்களா" என்று கேட்பதுகூடத் தெளிவாக விழுகிறது, ஆனால் தாலி கட்டும் நேரத்தில் "கெட்டிமேளம்" என்று குரல் கொடுத்துத் தவில் முழங்கியதும் மொத்தமும் சுருங்கிக் குட்டியாகிவிடுகிறது. கல்யாணத்திலேயே பெரிய சத்தம், கேசட்டில் ஆகச் சின்னதாக இருக்கிறது. மேளம் ஓய்ந்த பிறகு கூடம் மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது: முதலில் நாதசுரத்தின் கடைசி இழுப்பு, அப்புறம் ஒரு குழந்தை, அப்புறம் யாரோ மூக்கை உறிஞ்சுவது. அம்மா அது ஆச்சி என்கிறார், அத்தை அது தான்தான் என்கிறார், சண்டை தீரவில்லை. இதையும் சமப்படுத்தித் தர முடியும் என்றார் அண்ணன், வேண்டாம் என்றுவிட்டேன்.

அவருடைய கெட்டிக்காரத்தனம் சித்தப்பாவின் குவைத் கேசட்டில் தெரிந்தது. போன் பேசினால் காசு கரைந்த காலம் என்பதால் வளைகுடாவிலிருந்து கேசட்டில் பேசி ஊருக்கு வருகிற ஆள் கையில் கொடுத்தனுப்புவது அன்று நிறைய வீடுகளில் வழக்கம். நாமும் பதில் பேசி அனுப்புவோம், பெரும்பாலும் அதே கேசட்டின் மேலேயே, அதனால் கடைசியாக வந்தது மட்டும்தான் மிஞ்சும். எங்களிடம் மிஞ்சியது 1990இல் வந்தது. ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது, பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஜோர்டானின் அம்மான் நகர் வழியாக விமானத்தில் அழைத்துவந்தார்களே, அதில் சித்தப்பாவும் ஒருவர். கேசட்டில் அதெல்லாம் எதுவும் இல்லை, வீட்டுக்கு ஓடு போட எத்தனை பணம் அனுப்ப வேண்டும் என்றுதான் பாதி நேரம் கேட்கிறார். ஆனால் குரல் கனத்து, வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. அண்ணன் பேச்சுக்கு அடியில் ஓடிய கரண்ட் இரைச்சலைக் கம்ப்யூட்டரில் அளந்தார். குவைத்திலும் நம் ஊர்போலவே 50 ஹெர்ட்ஸ் கரண்ட். கேசட்டில் அது 47 சொச்சம் காட்டியது, அதாவது பதிந்த மெஷின் வேகமாக ஓடியிருக்கிறது, அதைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது சுருதி அரைக்கட்டை இறங்கிக் கேட்கிறது. 50க்கு ஏற்றினார். அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன், "இதுதான் தம்பி குரல்" என்று உடனே சொன்னார்.

குரல் சரியானதும் பின்னணியும் தெளிந்தது. அந்த அறையில் கூட இருந்த கீழக்கரைக்காரர் நாகூர் ஹனிபா கேசட் போட்டிருக்கிறார், சித்தப்பா பேசப் பேச அந்தக் கம்பீரக் குரல் ஓரமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் வீட்டில் விபூதி பூசாமல் வெளியே போகாத ஒரே ஆள் சித்தப்பாதான், குளிக்கும்போது அவர் முணுமுணுப்பது இன்றைக்கும் ஹனிபா பாட்டு. ஏன் என்று நாங்கள் கேட்டதே இல்லை. அந்த ஃபைலைப் போட்டுக் காட்டியபோது தான் பேசியதை அவர் கவனிக்கவே இல்லை, பின்னால் ஓடிய பாட்டைக் கூடவே பாடிக்கொண்டிருந்தார்.

திருவிழாக் கேசட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, குழாய் ஸ்பீக்கர் சத்தத்தைத் தூரத்திலிருந்து பதிந்தால் எப்படி இருக்குமோ அப்படி. சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டோடு மைக் செட் தொடங்கி, எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுக்குப் போகிறது, நடுவே பச்சைச் சட்டை போட்ட பையனைத் தேடி மேடைப் பக்கம் வரச் சொல்கிறார்கள். அண்ணன் இதைக் கேட்டதும் வேலையை நிறுத்திவிட்டு, அந்த ஹார்ன் என்ன சைஸாக இருக்கும் என்று விளக்கத் தொடங்கிவிட்டார், அவரும் மைக் செட் தொழிலில் இருப்பவர்தான்.

இனிக் குறைகள். ரசீது கிடையாது, நோட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொள்வதோடு சரி. திரும்பக் கிடைக்காத பொருளைக் கொடுக்கிறோம் என்பதால் எனக்கு இது உறுத்தலாகத்தான் இருந்தது, கேசட்டுகளை வரிசையாக அடுக்கிப் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிவிட்டேன், நீங்களும் செய்யுங்கள். போன் எடுக்கமாட்டார். சொன்ன தேதிக்கு வேலை முடியாது. மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து, அம்மாவைக் கூட்டிப்போய் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன், அது நடக்கவில்லை. ஃபைலுக்குப் பெயர் வைப்பதில் மனிதருக்கு அக்கறையே கிடையாது, எல்லாம் 1, 2, 3 என்று நம்பர்தான் வரும். எந்த நம்பர் எந்தக் கேசட் என்பதை நாம்தான் கேட்டுக் கேட்டுப் பிரிக்க வேண்டும். உள்ளட்டையில் கையால் எழுதிய லிஸ்ட்டை ஸ்கேன் செய்து தருவதும் இல்லை. ஒரு மார்க் குறைத்தது இதற்கெல்லாம்தான்.

கூலி 60 நிமிடக் கேசட்டுக்கு 250 ரூபாய், 90க்கு 350, உடைந்ததைச் சரிசெய்யத் தனி. அதிகம் என்று தோன்றினால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரக் கேசட்டைப் பதிய ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும், குறுக்குவழி கிடையாது. ஒரே நாளில் ஒரு பை கேசட்டையும் முடித்துத் தருகிறேன் என்று சொல்பவர் எதையும் காதால் கேட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம். எம்பி3 மட்டும் வாங்காதீர்கள், சுருக்காத வேவ் ஃபைலாகவும் கேட்டு வாங்குங்கள், ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பி அளவுதான் வரும், இன்றைய பென்டிரைவுக்கு அது ஒன்றுமே இல்லை. காலி பென்டிரைவ் நாமே கொண்டுபோக வேண்டும். கேசட்டையும் மறக்காமல் திருப்பி வாங்கி, ஈரம் படாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். என்னுடையதில் ஒன்றில் டேப் ஓரம் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது, அதை மட்டும் மற்ற கேசட்டுகளோடு சேர்க்காமல் தனிக் கவரில் கட்டி அவரே வைத்திருக்கிறார், பழைய டெக் ஒன்றில் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். லேபிள் இல்லாத கேசட் அது, உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

தேடிக் கண்டுபிடித்துப் போகிறவர்கள் ஆடி மாதத்தில் மட்டும் போகாதீர்கள். ஊர் ஊராகத் திருவிழாவுக்கு மைக் செட் கட்டப் போய்விடுவார், கடை பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும்.